சொல்லியே தீரவேண்டியவை
(நிறுவனங்களைப் பற்றித் தகவல் தேடுவது குறித்த அறக்கட்டளைச் சொற்பொழிவு)



1906 அக்டோபர் 22 அன்று சென்னையில் ஆர்பத்நாட் அண்ட் கோ என்ற வணிக, வங்கி நிறுவனம் பணம் கொடுக்க வழியின்றிக் கதவடைத்தது. பாரி, பின்னி, ஆர்பத்நாட் என்று மூன்று பெயர்களைச் சேர்த்தே அன்றைய சென்னை சொல்லும். ஓய்வுபெற்ற அரசு ஊழியர்கள், வக்கீல்கள், ஜமீன்தார்கள், கைம்பெண்கள் என ஆயிரக்கணக்கானோர் அங்கே பணம் போட்டிருந்தார்கள். லண்டனில் இருந்த கூட்டாளி மக்ஃபேடியன் ஊக வணிகத்தில் பெருந்தொகையை இழந்திருந்தார். கதவடைப்புக்குச் சற்று முன்னால் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். சென்னையில் இருந்த சர் ஜார்ஜ் ஆர்பத்நாட்டுக்கு 18 மாதக் கடுங்காவல் தண்டனை கிடைத்தது. அந்த அதிர்ச்சியிலிருந்துதான் வழக்கறிஞர் வி. கிருஷ்ணசாமி ஐயரும் அவருடைய நண்பர்களும் முயன்று 1907இல் இந்தியன் வங்கியைத் தொடங்கினார்கள்.

இந்த வரலாறு உங்களில் பலருக்குத் தெரிந்ததே. அதில் ஒரு செய்தியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ஆர்பத்நாட் ஒரு கம்பெனி அன்று. கூட்டாளிகள் சேர்ந்து நடத்திய பார்ட்னர்ஷிப். அதன் கணக்கை வெளியாருக்குக் காட்டவேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. பணம் போட்டவர்கள் பார்த்தது கட்டடத்தை, குடும்பப் பெயரை, ‘சர்’ பட்டத்தை. அதற்குமேல் பார்க்க அவர்களுக்கு வழியும் இல்லை.

நமக்கு வழி இருக்கிறது. இன்று நான் பேச வந்தது அதைப் பற்றித்தான்.

கம்பெனி என்பது சட்டம் படைத்த ஓர் ஆள். நடத்துகிறவர்கள் வேறு, அது வேறு. அது கடன்பட்டு நொடித்தால் பங்குதாரருடைய வீட்டையோ நகையையோ யாரும் தொட முடியாது; அவர் போட்ட முதலோடு இழப்பு நின்றுவிடும். ‘லிமிடெட்’ என்ற சொல் ஒவ்வொரு பெயர்ப்பலகையிலும் இருப்பது இதை ஊருக்குச் சொல்வதற்காகத்தான். இந்தியாவில் கம்பெனிப் பதிவு 1850லும், வரையறுக்கப்பட்ட பொறுப்பு 1857லும் சட்டமாயின. இது மிகப் பெரிய சலுகை. கம்பெனிக்குக் கடன் கொடுத்தவர், சரக்குக் கொடுத்தவர், உழைப்பைக் கொடுத்தவர் ஆகியோரின் பாதுகாப்பில் ஒரு பங்கை எடுத்து முதலாளிக்குக் கொடுத்த சலுகை. அதற்கு ஈடாகச் சமுதாயம் கேட்டது ஒன்றுதான்: நீ யார், உன்னிடம் என்ன இருக்கிறது, யாருக்கு எவ்வளவு தரவேண்டும் என்பதை ஆண்டுதோறும் எழுதி, யாரும் பார்க்கும்படி ஓரிடத்தில் வை. ஆகவே ஒரு கம்பெனியின் கணக்கைப் புரட்டுகிறவர் யாருடைய அந்தரங்கத்திலும் தலையிடவில்லை. தனக்குச் சேரவேண்டிய ஒன்றைக் கேட்டு வாங்குகிறார்.

என் தொழில் கம்பெனிச் செயலர். வாழ்நாளின் பெரும்பகுதியைக் கோயம்புத்தூரில் இந்தப் படிவங்களை நிரப்புவதிலும் படிப்பதிலும் கழித்தவன். அதில் எனக்கு உறுதியான எண்ணம் ஒன்று: ஒரு நிறுவனத்தைத் தெரிந்துகொள்ள விரும்புகிறவர், அது சொல்ல விரும்புவதை விட்டுவிட்டு, சொல்லியே தீரவேண்டியதை முதலில் படிக்க வேண்டும். விளம்பரம், இணையதளம், நிறுவனரின் பேட்டி, விருது விழாப் படம் எல்லாம் பிறகு.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். 2013ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டப்படி 200 உறுப்பினருக்கு மேற்படாமல், பங்குகளைக் கைமாற்றக் கட்டுப்பாடு வைத்துக்கொண்டு, பொதுமக்களிடம் முதல் கேட்காமல் இருப்பது பிரைவேட் லிமிடெட். அந்தக் கட்டுப்பாடுகள் இல்லாதது பப்ளிக் லிமிடெட். பப்ளிக் லிமிடெட் என்றால் அரசுக் கம்பெனி என்று பொருளில்லை; பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டது என்றும் பொருளில்லை. 2018இல் கடன் தவணை கட்ட முடியாமல் சரிந்து, அக்டோபர் 1 அன்று இயக்குநர் குழுவையே மத்திய அரசு மாற்றவேண்டி வந்த ஐஎல்&எஃப்எஸ் என்ற நிதி நிறுவனம், பட்டியலிடப்படாத பப்ளிக் லிமிடெட்தான். எந்தத் தகவல் எங்கே கிடைக்கும் என்பது இந்தப் பாகுபாட்டைப் பொறுத்தது என்பதால் இதைச் சொல்கிறேன்.

எல்லாக் கம்பெனிகளுக்கும் பொதுவான இடம் கம்பெனிப் பதிவாளர் அலுவலகம், நாம் ஆர்.ஓ.சி. என்பது. தமிழ்நாட்டில் சென்னையிலும் கோயம்புத்தூரிலும் இருக்கின்றன. முன்பு கட்டணச் சீட்டு வாங்கி, கோப்புக் கட்டை எழுத்தர் எடுத்துவரும்வரை பெஞ்சில் காத்திருக்க வேண்டும். 2006இல் எம்சிஏ21 என்ற திட்டம் தொடங்கியபின் எல்லாம் கம்பெனி விவகார அமைச்சகத்தின் இணையதளத்துக்குப் போய்விட்டன. அங்கே ஒரு கணக்குத் தொடங்கிக்கொண்டால் மாஸ்டர் டேட்டா என்ற பக்கத்தைக் காசில்லாமல் பார்க்கலாம்.

அந்த ஒரு பக்கமே நிறையப் பேசும். 21 எழுத்தும் எண்ணும் கொண்ட அடையாள எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். இந்தியா சிமெண்ட்ஸ் நிறுவனத்தின் எண் எல் 26942 டிஎன் 1946 பிஎல்சி 000931 என்பது. ‘எல்’ என்றால் பட்டியலிடப்பட்டது. பட்டியலிடப்படாதது ‘யு’ என்று தொடங்கும். அடுத்த ஐந்து இலக்கம் தொழிலைச் சொல்கிறது. டிஎன் தமிழ்நாடு. 1946 பதிவான ஆண்டு. பிஎல்சி பப்ளிக், பிரைவேட் என்றால் பிடிசி. கடைசி ஆறு இலக்கம் பதிவு எண். ‘நாற்பது ஆண்டுப் பாரம்பரியம்’ என்று விளம்பரம் செய்கிற ஒரு நிறுவனத்தின் எண்ணில் 2019 என்று இருந்தால், பாரம்பரியம் எந்த உடம்பில் இருந்தது, கடன் எந்த உடம்பில் தங்கியது என்று கேட்கத் தோன்றவேண்டும். நல்ல விடையும் கிடைக்கலாம். குடும்பத் தொழிலைக் கம்பெனியாக மாற்றியிருப்பார்கள். கேட்காமல் இருப்பதுதான் தவறு.

அதே பக்கத்தில் கடைசியாகத் தாக்கலான பேலன்ஸ் ஷீட்டின் தேதி இருக்கும். என்னிடம் யாராவது ஒரு கம்பெனியைப் பற்றிக் கேட்டால் முதலில் அதைத்தான் பார்ப்பேன். நிதிநிலை அறிக்கையை ஆண்டுப் பொதுக்கூட்டம் முடிந்து 30 நாளுக்குள் ஏஓசி-4 படிவத்திலும், ஆண்டு ரிட்டர்னை 60 நாளுக்குள் எம்ஜிடி-7 படிவத்திலும் தாக்கல் செய்யவேண்டும். இரண்டு ஆண்டாகத் தாக்கல் செய்யாத கம்பெனி ஊருக்கு என்ன சொன்னாலும் சரி, தன் கணக்கைக் காட்ட அதற்கு மனமில்லை அல்லது முடியவில்லை. 2017இல் மத்திய அரசு இப்படித் தூங்கிக் கிடந்த 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கம்பெனிகளைப் பதிவேட்டிலிருந்து நீக்கியது.

காசில்லாத பக்கத்தைத் தாண்டி உள்ளே போக ஒரு கம்பெனிக்கு 100 ரூபாய். சட்டத்தின் 399ஆம் பிரிவு இந்த உரிமையை எவருக்கும் தருகிறது. பங்குதாரராக இருக்கவேண்டியதில்லை, காரணமும் சொல்லவேண்டியதில்லை. பிரைவேட் கம்பெனியின் இலாப நட்டக் கணக்கை உறுப்பினர் அல்லாதவர் பார்க்க 1956ஆம் ஆண்டுச் சட்டம் தடை வைத்திருந்தது. 2013ஆம் ஆண்டுச் சட்டத்தில் அந்தத் தடை இல்லை. அமெரிக்காவில் பங்குச் சந்தைக்கு வராத கம்பெனி பெரும்பாலும் பொதுமக்களுக்குக் கணக்குக் காட்டவேண்டியதில்லை. எத்தனை பெரிதானாலும் அதன் விற்பனையை மதிப்பிட்டுத்தான் சொல்கிறார்கள். தகவல் உரிமையில் நாம் பின்தங்கியவர்கள் என்ற நினைப்பு இந்த ஓரிடத்தில் பொருந்தாது.

அந்த 100 ரூபாய்க்கு என்ன கிடைக்கிறது என்பதை ஓர் அனுபவத்தால் சொல்கிறேன். பல்லடத்தில் நூல் உற்பத்தி செய்து விற்கும் நண்பர் ஒருவர். அவரிடம் சிறுகச் சிறுக நூல் வாங்கிவந்த ஒரு பின்னலாடை ஏற்றுமதிப் பிரைவேட் கம்பெனி, இனிப் பெரிய அளவில் வாங்குகிறோம், 90 நாள் கடன் வேண்டும் என்று கேட்டது. புதுக் கட்டடம், வெளிநாட்டு வாடிக்கையாளர் பெயர்கள், நல்ல உபசரிப்பு. நண்பர் மகிழ்ச்சியோடுதான் வந்தார். இருவரும் உட்கார்ந்து பார்த்தோம்.

சார்ஜ் பதிவேடு முதலில். கம்பெனி தன் சொத்தை ஈடு வைத்துக் கடன் வாங்கினால் 30 நாளுக்குள் சிஎச்ஜி-1 படிவம் தாக்கலாக வேண்டும். பதிவாகாத ஈட்டைக் கம்பெனி கலைக்கப்படும்போது கலைப்பதிகாரி கணக்கில் எடுக்கமாட்டார் என்பதால் வங்கிகள் இதில் தவறுவதில்லை. எந்த வங்கி, எவ்வளவு, எந்தச் சொத்தின்மேல், எப்போது என்று எல்லாம் அதில் இருக்கும். இந்தக் கம்பெனி ஒரே சரக்கிருப்பின்மேல் வங்கியிடம் கடன் வாங்கிவிட்டு, அடுத்த ஆண்டு ஒரு நிதிக் கம்பெனியிடமும் வாங்கியிருந்தது. வங்கி கூடுதல் கடன் தர மறுத்திருக்கிறது என்று ஊகிக்க இது போதும். பேலன்ஸ் ஷீட்டில் விற்பனை இரண்டு ஆண்டாக ஒரே அளவில் நிற்க, சரக்குக் கொடுத்தவர்களுக்குத் தரவேண்டிய பாக்கி ஏறிக்கொண்டே போயிருந்தது.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு குறிப்பு. சிறு, குறு நிறுவனங்களுக்கு எவ்வளவு பாக்கி, அதில் கெடு தாண்டியது எவ்வளவு என்பதைக் கணக்கில் தனியே காட்டவேண்டும் என்று 2006ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. அந்தக் கம்பெனி ‘இல்லை’ என்று எழுதியிருந்தது. என் நண்பரோ அந்தச் சட்டப்படி பதிவுபெற்ற சிறு உற்பத்தியாளர். அந்த மார்ச் 31 அன்று அவருக்கே அவர்கள் பாக்கி வைத்திருந்தார்கள். கணக்கின் ஓரிடத்தில் பொய் இருக்கிறது என்று அவருக்கு யாரும் சொல்லவேண்டியிருக்கவில்லை. அவர் கையிலிருந்த பில்லே சாட்சி. பணம் வந்தால் நூல் என்று மாறிக்கொண்டார்.

இங்கே ஒன்று கவனியுங்கள். எந்த ஆவணமும் தனியே நின்று உண்மை பேசுவதில்லை. ஓர் ஆவணத்தை இன்னோர் ஆவணத்தின்மேல் வைத்துப் பார்க்கும்போதுதான் பேசுகிறது. நிதிநிலை அறிக்கையோடு தணிக்கையாளர் அறிக்கை. அதோடு சார்ஜ் பதிவேடு. இயக்குநரின் எட்டிலக்க எண்ணை வைத்து அவர் வேறு எந்தெந்தக் கம்பெனிகளில் இருக்கிறார் என்பது. அவற்றுக்கும் இதற்கும் இடையே கொடுக்கல் வாங்கல் உண்டா என்பது. தணிக்கையாளர் அறிக்கையை முழுதும் படிக்க நேரமில்லை என்றால் பின்னிணைப்பைப் படியுங்கள். சிறிய பிரைவேட் கம்பெனிகளுக்கு விலக்கு உண்டு. மற்றவற்றில் வங்கிக்குக் கொடுத்த சரக்குக் கணக்கும் புத்தகக் கணக்கும் ஒத்துப்போகின்றனவா, வரியும் பி.எஃப்.பும் ஆறு மாதத்துக்கு மேல் பாக்கியா, கடன் தவணை தவறியதா என்ற கேள்விகளுக்குத் தணிக்கையாளர் நேராகப் பதில் எழுதியாக வேண்டும். ஒருவர் நீட்டுகிற சான்றிதழில் பட்டயக் கணக்காளரின் கையெழுத்து உண்மைதானா என்ற ஐயம் வந்தால், அதிலுள்ள 18 இலக்க எண்ணைப் பட்டயக் கணக்காளர் கழகத்தின் தளத்தில் சரிபார்க்கலாம்.

தணிக்கையாளர் இடையில் விலகினால் அதுவே ஒரு செய்தி. குஜராத்தின் மன்பசந்த் பெவரேஜஸ் நிறுவனத்திலிருந்து 2018 மே மாதம், ஆண்டுக் கணக்கு வெளியாகச் சில நாள் இருக்கும்போது, டெலாய்ட் விலகியது. கேட்ட தகவல்கள் வரவில்லை என்பது காரணம். பங்கு விலை சரிந்தது. மறு ஆண்டு அதன் நிர்வாக இயக்குநர் ஜிஎஸ்டி வழக்கில் கைதானார்.

இனிப் பட்டியலிடப்பட்ட கம்பெனிகள். இவை சொல்லியே தீரவேண்டியவை இன்னும் பல மடங்கு. காலாண்டு முடிவை 45 நாளுக்குள், ஆண்டு முடிவை 60 நாளுக்குள், யாரிடம் எத்தனை விழுக்காடு பங்கு என்ற விவரத்தைக் காலாண்டு முடிந்து 21 நாளுக்குள் பங்குச் சந்தைக்குத் தரவேண்டும். பிஎஸ்இ, என்எஸ்இ தளங்களில் எல்லாம் இலவசம். இவ்வளவும் இருந்தால் ஏமாற்ற முடியாதே என்று நினைப்பவருக்குச் சத்யம் கம்ப்யூட்டர்ஸ் விடை. கட்டாயத்தால் எழுதப்பட்டதும் பொய்யாகலாம் என்பதற்கு இந்தியாவில் அதைவிடப் பெரிய சாட்சி இல்லை. என் வாதத்துக்கே அது எதிர்ச்சாட்சி போலத் தோன்றும். ஆகவே அதில் சற்று நிற்கிறேன்.

2009 ஜனவரி 7 அன்று அதன் தலைவர் ராமலிங்க ராஜு இயக்குநர் குழுவுக்குக் கடிதம் எழுதினார். 2008 செப்டம்பர் 30 கணக்கில் காட்டிய ரொக்கமும் வங்கி இருப்பும் 5,361 கோடி ரூபாய். அதில் 5,040 கோடி இல்லவே இல்லை. வராத வட்டி 376 கோடியை வரவேண்டியதாகக் காட்டியிருந்தார்கள். 1,230 கோடி ரூபாய்க் கடன் பொறுப்பு கணக்கில் ஏறவே இல்லை. அந்தக் காலாண்டில் இலாப விகிதம் 24 விழுக்காடு என்று காட்டியிருக்க, உண்மையில் 3 விழுக்காடுதான். கணக்கை உலகப் புகழ்பெற்ற தணிக்கை நிறுவனம் தணிக்கை செய்திருந்தது. சில மாதம் முன்னால்தான் நல்ல நிர்வாகத்துக்கான விருதும் வாங்கியிருந்தார்கள்.

வெளியாருக்கு எதுவும் தெரிந்திருக்க வழியில்லையா? வங்கி இருப்பு பொய் என்று வீட்டிலிருந்து கண்டுபிடித்திருக்க முடியாதுதான். ஆனால் இரண்டு செய்திகள் திறந்தே கிடந்தன. ஒன்று, பங்குடைமை விவரம். 2001 வாக்கில் நிறுவனர் குடும்பத்திடம் இருந்தது ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு. 2008இல் அது 9 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியிருந்தது. நிறுவனம் இத்தனை செழிப்பாகப் போகிறது என்று சொல்கிறவர்களே தங்கள் பங்கை ஏன் விட்டுக்கொண்டே வருகிறார்கள் என்ற கேள்வியை ஒவ்வொரு காலாண்டும் அந்தத் தாள் கேட்டுக்கொண்டிருந்தது. இரண்டு, 2008 டிசம்பர் 16 அறிவிப்பு. மென்பொருள் கம்பெனியின் பணம் 160 கோடி டாலரைக் கொடுத்து மேட்டாஸ் என்ற இரண்டு கட்டுமானக் கம்பெனிகளை வாங்கப்போகிறோம் என்றார்கள். அவை ராஜு குடும்பத்தாருடையவை. பெயரே சத்யத்தைத் திருப்பி எழுதியது. முதலீட்டாளர்கள் கொதித்தெழ, சில மணி நேரத்தில் திட்டத்தைக் கைவிட்டார்கள். இல்லாத சொத்தை இருக்கிற சொத்தைக் கொண்டு நிரப்பும் கடைசி முயற்சி அது என்று பின்னால் அந்தக் கடிதமே சொன்னது. கணக்கின் எண்கள் பொய்யாக இருந்தபோதும், உரிமையாளர் யார், உறவுக்காரக் கம்பெனி எது என்ற பக்கங்கள் பொய்யாக இருக்கவில்லை. அதனால்தான் இலாபத்தைப் பார்க்குமுன் பங்குடைமையையும் உறவுக்காரர் பரிவர்த்தனையையும் பாருங்கள் என்று மாணவர்களுக்குச் சொல்கிறேன்.

குடும்பம் தன் பங்குகளை அடகு வைத்திருந்தது அன்று யாருக்கும் தெரியாது. சொல்லவேண்டிய கட்டாயம் இல்லை. சத்யத்துக்குப் பிறகு, அதே 2009 ஜனவரியில் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி அதைக் கட்டாயமாக்கியது. தணிக்கை நிறுவனம் பத்தாண்டுக்கு மேல் தொடரக்கூடாது என்ற விதி 2013 சட்டத்தில் வந்தது. இந்தப் படிவங்கள் பலவற்றின் பின்னால் இப்படி யாரோ இழந்த பணம் இருக்கிறது. இவற்றை வெறும் காகிதச் சுமை என்று தொழில்துறைக் கூட்டங்களில் பேசக் கேட்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும்.

பங்குச் சந்தைக்கு வர விரும்பும் கம்பெனி செபியிடம் தரும் வரைவு விவரணத்தைப் பலர் பங்கு வாங்குபவருக்கான தாள் என்று ஒதுக்குகிறார்கள். அதில் முக்கியமான வழக்குகளையும் அபாயங்களையும் எழுதவேண்டும். பொய்க்குத் தண்டனை உண்டு. அந்தத் தொழிலைப் பற்றிய நீண்ட ஆய்வும், போட்டியாளர்களின் பெயரும் நிலையும் இருக்கும். பட்டியலிடப்படாத ஒரு கம்பெனியைப் பற்றி அறிய, அதன் போட்டியாளர் தந்த விவரணம் நல்ல வாசல்.

பிரைவேட் கம்பெனிக்கு இன்னொரு வாசலும் உண்டு. வங்கிக் கடனுக்காகத் தரமதிப்பீடு வாங்கியிருந்தால், கிரிசில், இக்ரா, கேர் போன்றவர்கள் மதிப்பெண்ணோடு காரணத்தையும் சில பக்கங்களில் எழுதி இலவசமாக வெளியிடுகிறார்கள். நம் ஊர் நூற்பாலை ஒன்றின் கதிர்கள் எத்தனை, எந்த வாடிக்கையாளரை எவ்வளவு நம்பியிருக்கிறது, பஞ்சு விலை ஏறினால் என்னாகும் என்றெல்லாம் அதில் படிக்கலாம். மதிப்பெண்ணைவிடக் காரணத்தைப் படியுங்கள். ஐஎல்&எஃப்எஸ் சரிவதற்குச் சில வாரம் முன்புவரை அதற்கு மிக உயர்ந்த மதிப்பெண்தான் இருந்தது. கம்பெனி தகவல் தர மறுத்தால் மதிப்பெண்ணுக்குப் பக்கத்தில் ‘ஒத்துழைக்கவில்லை’ என்று குறிப்பார்கள். அந்தக் குறிப்பைக் கண்டால் மேலே படிக்கவே வேண்டாம் என்று வியாபாரிகளுக்குச் சொல்வேன்.

வேலை தேடும் மாணவர்கள் இங்கே நிறைய இருக்கிறீர்கள். சம்பளம் ஒழுங்காக வருமா என்பதை அலுவலகத்தின் கண்ணாடிக் கதவு சொல்லாது. பி.எஃப். அமைப்பின் இணையதளத்தில், வேலைக்குப் போகவிருக்கும் நிறுவனத்தின் பெயரைப் போட்டுத் தேடுங்கள். எந்த மாதத்துக்கு, எந்தத் தேதியில், எத்தனை ஊழியருக்கு, எவ்வளவு கட்டினார்கள் என்று வரும். மறு மாதம் 15ஆம் தேதிக்குள் கட்டவேண்டியதை மூன்று மாதம் கழித்துக் கட்டுகிறார்களா, 300 ஊழியர் என்கிறவர்கள் 40 பேருக்குத்தான் கட்டுகிறார்களா என்று ஐந்து நிமிடத்தில் தெரியும். ஜிஎஸ்டி தளத்தில் 15 இலக்க எண்ணைப் போட்டால் பதிவு நடப்பில் இருக்கிறதா, மாதாமாதம் ரிட்டர்ன் தாக்கலாகிறதா என்று வரும். தேசியக் கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயத்தின் தளத்தில் பெயரைப் போட்டால் யாராவது திவால் மனு போட்டிருக்கிறார்களா என்று தெரியும். தொழிற்சாலை என்றால் சுற்றுச்சூழல் அனுமதிக்கான பரிவேஷ் தளம். அங்கே கம்பெனி தானே எழுதிக்கொடுத்த உற்பத்தி அளவும் தண்ணீர்த் தேவையும் இருக்கும். ஊர்க்காரர்கள் அதைப் படிக்கவேண்டும்.

பணம் போடச் சொல்லி வருகிறவர்களைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் தமிழ்நாட்டில் 1990களின் ஃபைனான்ஸ் கம்பெனிகளிலிருந்து இன்றுவரை இந்தத் துயரம் ஓயவில்லை. அவர்கள் எப்போதும் ஒரு காகிதத்தை நீட்டுவார்கள்: ஆர்.ஓ.சி. கொடுத்த பதிவுச் சான்றிதழ். அது பிறப்புச் சான்றிதழ். பொதுமக்களிடம் டெபாசிட் வாங்கும் உரிமம் அன்று. டெபாசிட் வாங்க அனுமதி பெற்ற நிதி நிறுவனமா என்பதை ரிசர்வ் வங்கியின் சசேத் தளத்தில் பார்க்கலாம். சீட்டு என்றால் 1982ஆம் ஆண்டுச் சீட்டு நிதிச் சட்டப்படி பதிவுத்துறையில் அந்தச் சீட்டே பதிவாகியிருக்க வேண்டும். நிதி என்று பெயர் வைத்தவை தங்கள் உறுப்பினரிடம் மட்டுமே வாங்கலாம். 1872இல் தோன்றிய மயிலாப்பூர் நிதி போன்ற நல்ல மரபு அது, ஆனால் அந்தப் பெயரைப் போட்டுக்கொண்ட எல்லோரும் அந்த மரபினர் அல்லர். அதிக வட்டி தருகிறோம் என்று வருகிறவரின் பேலன்ஸ் ஷீட்டில் அந்த வட்டியைத் தரும் அளவுக்கு வருமானம் இருக்கிறதா என்று பாருங்கள். பேலன்ஸ் ஷீட்டே இல்லை என்றால் பேச்சு முடிந்தது.

வியாபாரிக்கும் வேலை தேடுவோருக்கும் சேமிப்போருக்கும் மட்டுமல்ல, குடிமக்களுக்கும் இந்தத் திறன் வேண்டும். 2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றம், கட்சிகளுக்கு நன்கொடை தருவதற்கான தேர்தல் பத்திரத் திட்டம் செல்லாது என்று தீர்ப்பளித்தது. மார்ச்சில் தேர்தல் ஆணையம் வாங்கியவர் பட்டியலை வெளியிட்டது. அதில் முதலிடம் 1,368 கோடி ரூபாய்க்குப் பத்திரம் வாங்கிய ஃப்யூச்சர் கேமிங் அண்ட் ஹோட்டல் சர்வீசஸ். பதிவு அலுவலகம் கோயம்புத்தூரில் இருக்கும் ஒரு பிரைவேட் லிமிடெட். பட்டியல் தந்தது பெயரும் தொகையும் மட்டும். அடுத்த சில நாளில் செய்தியாளர்கள் செய்ததுதான் நான் இவ்வளவு நேரம் சொன்ன வேலை: ஒவ்வொரு பெயருக்கும் ஆர்.ஓ.சி. ஆவணத்தை எடுத்து, பதிவான ஆண்டு, முதல், இலாபம் ஆகியவற்றை நன்கொடைக்குப் பக்கத்தில் வைத்தார்கள். நட்டத்தில் ஓடிய கம்பெனிகளும், பதிவாகி அதிக நாளாகாத கம்பெனிகளும் கோடிக்கணக்கில் கொடுத்திருந்தது அப்படித்தான் வெளிவந்தது. மூன்றாண்டுச் சராசரி நிகர இலாபத்தில் 7.5 விழுக்காட்டுக்கு மேல் கட்சிகளுக்குக் கொடுக்கக்கூடாது என்றும், எந்தக் கட்சிக்குக் கொடுத்தது என்று கணக்கில் எழுதவேண்டும் என்றும் இருந்த விதிகளை 2017இல் நீக்கியிருந்தார்கள். நீதிமன்றத் தீர்ப்பு ஒரு கதவைத் திறந்தது. உள்ளே என்ன இருக்கிறது என்று காட்டியது 100 ரூபாய் ஆவணங்கள்.

குறைகளும் உண்டு. பார்ட்னர்ஷிப்பும் தனியுரிமைக் கடையும் ஆர்பத்நாட் காலத்தைப் போலவே இன்றும் பொதுமக்களுக்குக் கணக்குக் காட்டவேண்டியதில்லை. ஒரு கம்பெனிக்குப் பின்னால் இன்னொன்று, அதற்குப் பின்னால் வெளிநாட்டு அறக்கட்டளை என்று போனால், உண்மையான உரிமையாளரைக் கண்டறிய 2018இல் கொண்டுவந்த விதிகள் 10 விழுக்காடோ அதற்கு மேலோ உரிமை உள்ளவரை அறிவிக்கச் சொல்கின்றன. அறிவிப்பது கம்பெனியின் பொறுப்பில்தான் இருக்கிறது. பிரிட்டனில் 2015இலிருந்து கம்பெனி ஆவணங்கள் எல்லாம் இலவசம். கட்டுப்படுத்துபவர் யார் என்ற பதிவேடு 2016இலிருந்து எவரும் பார்க்கும்படி இருக்கிறது. இங்கும் அந்த 100 ரூபாயை நீக்கவேண்டும் என்று நான் கேட்டுவருகிறேன். ஒரு கம்பெனிக்கு அது சிறு தொகை. ஒரு தொழில் முழுவதையும் ஆராய விரும்பும் மாணவருக்குச் சிறு தொகை அன்று. அந்தத் தளம் தமிழில் பேசவேண்டும் என்றும் கேட்கிறேன்.

அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை என்பதால், இந்த மேடையில் ஒரு வேண்டுகோளை வைக்கிறேன். இந்த அறக்கட்டளையை நிறுவிய குடும்பத்தாரிடம் முன்பே பேசி ஒப்புதலும் பெற்றுவிட்டேன். இந்த ஆண்டு அறக்கட்டளையின் வட்டியில் ஒரு பகுதி ஆவணக் கட்டணத்துக்கு. வணிகவியல் மாணவர் ஒருவரும் தமிழ் மாணவர் ஒருவரும் சேர்ந்து, இந்த மாவட்டத்தில் பதிவு அலுவலகம் கொண்ட ஒரு கம்பெனியை எடுத்துக்கொள்ள வேண்டும். ஐந்தாண்டுக் கணக்கு, பங்குடைமை, சார்ஜ் பதிவேடு, தணிக்கையாளர் சொன்னது, பி.எஃப். கட்டிய தேதிகள், வழக்குகள் ஆகியவற்றைச் சேர்த்து, ஒரு நூல் வியாபாரிக்கும் விளங்கும் தமிழில் நான்கு பக்கம் எழுதவேண்டும். எழுதியதைக் கம்பெனிக்கு அனுப்பி அவர்கள் விளக்கத்தையும் கேட்டு, அதையும் சேர்த்தே கல்லூரி நூலகத்தில் வைப்போம். கம்பெனிகளின் பெயர்ப் பட்டியலைத் துறை அலுவலகத்தில் கொடுத்திருக்கிறேன். வரும் திங்கட்கிழமையிலிருந்து பெயர் பதியலாம்.